மெஷின் சரியாகக் காட்டியிருந்தால்

போன மாதம், தோட்டங்களில் நலன்புரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் தலையில் ஒரு பட்டி மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அது மூளையில் ஓடும் மின் அலைகளைப் பார்த்து, ஆள் கவனமாக இருக்கிறாரா, புத்தி வேறெங்காவது போய்விட்டதா என்று சொல்லுமாம். அதற்குத் தொழிலாளர்களின் சம்மதப் படிவமாம். கீழே ஒரு வரி: "மிஸ், தமிழ்ல எழுத்துப் பிழை இருக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா? நாளைக்கு அச்சுக்குப் போகுது." கூடவே கும்பிடும் கை ஒன்று.

பிழை இரண்டு இருந்தது. திருத்தி அனுப்பினேன். அதன் பிறகு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். இந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பிழைதானா கவலை என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. யோசித்துப் பார்த்தால், நானும் எழுத்துப் பிழையை மட்டும்தானே திருத்தி அனுப்பியிருக்கிறேன்! அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தொடங்கி, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள் நான். நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். கூட்டம் நடத்துவது, அறிக்கை எழுதுவது, எந்தப் படிவம் எந்த நிறம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு பிழையை. பிழை என்றால் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்குக் கொழுந்து அரைக்கும் ரோலரில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான்தான். துணி சுற்றிய அந்தக் கையை வழியெல்லாம் என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே, அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் ஆட்கள் பெட்டியோடு வந்து, "இனி இப்படி நடக்காது" என்றபோது முதலில் தலையாட்டியதும் நான்தான்.

பெட்டிக்குள் கறுப்புப் பட்டிகள். நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். கம்பனிப் பையன் தன் போனைத் திறந்தால் ஒவ்வொருவர் பேருக்கும் நேரே ஒரு வட்டம்: கவனமாக இருந்தால் பச்சை, தளர்ந்தால் மஞ்சள், எண்ணம் அலைந்தால் சிவப்பு. அவன் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்கினான். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "தூக்கம் வந்தா காட்டுற மெஷின். பயப்படாதீங்க." அவ்வளவுதான். அந்த நிறங்கள் யாருக்குப் போகும், எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள், சிவப்பு வந்தவரை என்ன செய்வார்கள், ஒன்றையும் நான் கேட்கவில்லை. கேட்காததை எப்படி மொழிபெயர்ப்பது?

பிறகு சம்மதம். இதை எழுதும்போது இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சம்மதத்தை நான் காலைப் பெரட்டில் வாங்கினேன். பெரட்டு என்னவென்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், கூப்பிட்டவர் குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த வரிசையில், பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக "வந்தேங்க" என்று சொல்லி, பட்டியை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்தத் தாளின் தலைப்பில் "சம்மதம் தெரிவித்தோர்" என்று நானே என் கையால் எழுதினேன்.

கொழும்புக்காரர்களுக்குப் பெரட்டு தெரியாது, அவர்களை விடுங்கள். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். பெரட்டில் நின்று "முடியாது" என்று சொன்ன ஒரு மனிதரையும் என் வாழ்நாளில் கண்டதில்லை. அங்கே எழும்பும் குரலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: எனக்கு இன்றைக்கு வேலை வேண்டும். இது தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் நான். அதைப் போய்ச் சம்மதம் என்று எழுதியதும் நான்.

முதல் வாரம் ஒரே கூத்து. அடுப்பு பார்க்கிற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், இதுல வர்றத எங்க வீட்டுக்காரிக்கிட்ட காட்டிறாதீங்க" என்றார். ஒரு பெண், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரை மனசுக்குள் திட்டினால் அதுவும் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாலாம் நாள் அவளே வந்து, "ஒண்ணுமே நெனைக்காம வேல செய்யணும்னு பாக்குறேன் மிஸ், மண்ட வலிக்குது" என்றாள். இரண்டு பனடோல் கொடுத்து அனுப்பினேன். நலன்புரி!

இரண்டாம் வாரம் தோட்டத்து மேனேஜர், எங்கள் தொரை, என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். சிங்களவர், இங்கே வந்து தமிழ் படித்தவர். மேசையில் ஒரு தாள். தூள் சலிக்கும் அறையில் வேலை செய்யும் லோகேஸ்வரியின் பேருக்கு நேரே நாள் தவறாமல் சிவப்பு.

"மிஸ், இவங்கள மலைக்கு மாத்தப் போறேன். நாளைக்கு இவங்க கையும் மெஷின்ல போனா யாரு பதில் சொல்றது?"

லோகேஸ்வரிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மலையில் கொழுந்து பறிக்கும்போது தண்ணீர்க் கானில் விழுந்து முழங்கால் போனதால்தான் அவளைத் தொழிற்சாலைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் காலோடு மலையேறுவது நடக்காத காரியம். ஆகவே மலைக்கு மாற்றுவது என்றால் வேலையை விட்டு அனுப்புவது என்றுதான் பொருள். ஒரு வாரம் பொறுங்கள் சேர் என்று அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவளை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். பிளேன்டீ கொடுத்தேன். என்னைப் பற்றி எனக்கே மிக நல்ல அபிப்பிராயம் இருந்த நேரம் அது.

"என்னம்மா, வேல நேரத்துல என்னா யோசிச்சிக்கிட்டு இருக்க?"

அவள் டீயைத் தொடவில்லை. "வேல ஏதும் பெசகிருச்சா மிஸ்?"

"இல்ல."

"தூள் வீணாச்சா?"

"அதெல்லாம் இல்ல. நீ நல்லாத்தான் செய்றேன்னு டீமேக்கர் ஐயாவே சொல்றாரு."

"அப்ப என்னாங்க?"

சிவப்பைப் பற்றிச் சொன்னேன். காரணம் ஏதாவது சொன்னால் அறிக்கையில் எழுதி அவளைக் காப்பாற்றிவிடலாம் என்றேன். பிள்ளைக்குச் சுகமில்லையா? வீட்டுக்காரர் குடிக்கிறாரா? கடன் தொல்லையா? சொல்லு, சொல்லு என்று நச்சரித்தேன். பிள்ளைகளே, இது நம் உத்தியோகத்தின் வியாதி. ஒருவருடைய துக்கம் எழுத்தில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அவள் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"மிஸ், எங்க காம்பராவுல அஞ்சு பேரு படுக்குறோம். செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுனா எங்களுக்குக் கேக்கும். நாங்க பேசுனா அவங்களுக்குக் கேக்கும். அழுதாலும் கேக்கும், காலையில பைப்படியில வந்து ஏன் அழுதேன்னு கேப்பாங்க. நான் நெனைக்கிறது மட்டுந்தான் மிஸ் யாருக்கும் கேக்காது. அத ஒங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும்?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. உன்னைக் காப்பாற்றத்தானே பாடுபடுகிறேன், கொஞ்சம் ஒத்துழைத்தால் என்ன என்று கத்தினேன். அவள் ஆறிப்போன டீயை மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

இனி என் வெற்றிக் கதை. அதையும் கேளுங்கள், அதில்தான் பெரிய பிழை இருக்கிறது.

அடுத்த இரண்டு நாள் சலிக்கும் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யாருக்குப் பச்சை வருகிறது என்று பார்க்கலாம் என்றுதான். நாள் முழுக்கப் பச்சை வந்தது ஒரே ஒரு ஆளுக்கு. தொழிற்சாலையிலேயே பெரிய சோம்பேறி என்று பேர் வாங்கியவர் அவர். தூள் அள்ளும் அகப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கக்கூடியவர். இவருக்கு எப்படிப் பச்சை என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. தொழிற்சாலைக்குள் வெற்றிலை போடக்கூடாது என்று சுவரில் எழுதியே இருக்கிறது. மனிதர் கன்னத்தில் அடக்கி வைத்து, பசு அசை போடுவது மாதிரி, வாயைத் திறக்காமல் மென்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பட்டிகளைக் கவனிக்கத் தோட்டத்திலேயே தங்கியிருந்த கம்பனிப் பையனை அன்றைக்கே என் அறைக்குக் கூட்டிவந்து, பட்டியை என் நெற்றியில் மாட்டச் சொன்னேன். கண்ணை மூடாமல், கவனமாக, பழைய அறிக்கை ஒன்றை வரி வரியாக வாசித்தேன். மஞ்சள். இன்னும் கவனமாக வாசித்தேன். சிவப்பு. பிறகு ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பராக்குப் பார்த்தேன். பச்சை! மெல்ல மெல்லப் பச்சை! பையனுக்கு முகம் செத்துப்போனது. தாடை அசைவதால் வரும் மின்சாரத்தை மெஷின் மூளை அலை என்று எடுத்துக்கொள்கிறது, இது தெரிந்த சிக்கல்தான் என்று முணுமுணுத்தான். தெரிந்த சிக்கலாம்!

இடையில் ஒன்று நடந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பையன் போனைப் பார்த்துக்கொண்டே, "இப்ப உங்களுக்கு வேற ஏதோ யோசனை ஓடுது, இல்லையா மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டான். மெஷின் சொன்னது பொய். நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தை நான் அப்போதே பிடித்து வைத்திருக்க வேண்டும். வெற்றிலையில் கண்டுபிடித்த சாமர்த்தியத்தில் அதைக் கோட்டை விட்டுவிட்டேன்.

தொரையின் முன்னால் அதே வித்தையைச் செய்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். லோகேஸ்வரி சலிக்கும் அறையிலேயே இருக்கட்டும் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றார். அன்று மாலை உட்கார்ந்து, பல தடவை திருத்தி, ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கருவி பிழையாகக் காட்டுவதால் இதை வைத்து எந்தத் தொழிலாளர் மீதும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமான ஆள் என்று பேர் வாங்க வேண்டுமே! "துல்லியமான கருவி கிடைக்குமிடத்து இது குறித்து மீள் பரிசீலனை செய்யலாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வடிவான வரி என்று நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

மறுநாள் லோகேஸ்வரியிடம் போய் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த மனிதரின் வெற்றிலை அகப்பட்டுக்கொண்டதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மெஷின் சரியா காட்டியிருந்தா என்னா மிஸ் செஞ்சிருப்பீங்க?"

"அதான் சரியா காட்டலையே."

"காட்டியிருந்தா?"

"அது வந்தா பாத்துக்கலாம்மா. போ, வேலையப் பாரு."

எட்டு மாதத்தில் வந்தது. அதே கம்பனி, புதிய பட்டி. தாடை அசைந்தாலும் கண் சிமிட்டினாலும் அதைக் கழித்துவிட்டுப் பார்க்குமாம். நான் வெற்றிலையோடு போனேன். மென்றேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அது உண்மையிலேயே துல்லியமானதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் கையில் இருந்த ஒரே ஆயுதம் போய்விட்டது.

லோகேஸ்வரி பட்டியை வாங்க மறுத்தாள். அவள் ஒருத்திதான் மறுத்தாள். தொரை எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

நான் அப்போதுதான் பேச ஆரம்பித்தேன். சரியோ பிழையோ, ஆளுடைய தலைக்குள் பார்க்க நமக்கு உரிமையில்லை சேர் என்றேன். விரல் போனது யோசனையாலா? ரோலருக்கு மேல் இருந்த இரும்பு மூடியைக் கழுவுவதற்கென்று கழற்றி, திரும்பப் பூட்டாமல் மாதக்கணக்கில் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியுமே, அதை முதலில் பூட்டுங்கள் என்றேன். எனக்கும் தெரிந்திருந்த விஷயம்தான். வேனில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு போனபோதே தெரியும். மூடி என்று ஒரு வார்த்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. எல்லோரும் மெஷின், மெஷின் என்று அண்ணாந்து பார்த்தபோது நானும் அண்ணாந்துதான் பார்த்தேன்.

தொரை பொறுமையாகக் கேட்டார். மூடியை இன்றைக்கே பூட்டச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி பூட்டினார்கள், ஃபிட்டருக்கு அரை நாள் வேலை. பிறகு ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தில் என் கடிதம்.

"மிஸ், நீங்கதானே எழுதியிருக்கீங்க, சரியான மெஷின் வந்தா பார்க்கலாம்னு? ஹெட் ஒஃபிஸ் இத வச்சுத்தான் புதுசு அனுப்பியிருக்காங்க. உரிமை இல்லன்னு அப்பவே எழுதியிருந்தா நானும் அதைத்தானே மேல அனுப்பியிருப்பேன்."

அவர் சொன்னது சரி.

கடைசியில் லோகேஸ்வரியிடம் ஒரு சமரசம் பேசினேன், தொரைக்கு முன்னாலேயே. நீ மாட்டிக்கொள், உன் விவரம் வேறு யாருக்கும் போகாமல் என்னிடம் மட்டும் வரும்படி செய்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"ஒங்ககிட்ட வந்தாலும் அது வெளிய வந்ததுதானுங்களே மிஸ்." பிறகு தொரையிடம் திரும்பினாள். "சேர், என் கையப் பாருங்க. கண்ணப் பாருங்க. நான் சலிச்ச தூளப் பாருங்க, கொற இருந்தா கேளுங்க. உள்ள பாக்க வேணாங்க."

அவளை மலைக்குப் போட்டார்கள். ஒன்பது நாள் ஏறினாள். பத்தாம் நாள் முழங்கால் வீங்கி, பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு வந்து, பதிவிலிருந்து தன் பேரை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்தப் பேனாவைப் பிடித்தபோது எனக்கு இருந்த வெட்கத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

இப்போது உங்களுக்கு. மெஷின் பிழையாகக் காட்டுகிறது என்று நிரூபிப்பது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். அதனாலேயே அதை முதலில் சொல்லாதீர்கள். அந்த வாதத்துக்கு ஆயுசு குறைவு. அடுத்த மெஷின் வரும்வரைதான். கடிதத்தின் முதல் வரியில், இது வேலை செய்தாலும் வேண்டாம் என்று எழுதுங்கள். ஏன் என்று கேட்டால், வேலையைத்தான் வேலைக்குக் கொடுத்தோம், நினைப்பைக் கொடுக்கவில்லை என்று எழுதுங்கள். வெற்றிலைக் கதையை வேண்டுமானால் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், சிரிப்பதற்கு. பெரட்டில் சம்மதம் வாங்காதீர்கள். மறுத்தால் ஒன்றும் ஆகாது என்று உறுதி இருக்கும் இடத்தில், ஒருவர் மறுத்துக் காட்டிய பிறகு, மற்றவர்களிடம் கேளுங்கள். எங்கள் வேலைக்கு ஆபத்து வருமே மிஸ் என்பீர்கள். வரலாம். எனக்கு வரவில்லை. நான் ஒழுங்காகப் பென்ஷன்காரியாகிவிட்டேன், அவள்தான் போனாள்.

லோகேஸ்வரி இப்போது நோர்வூட் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறாள். உட்கார்ந்து செய்யும் வேலை. டவுனுக்குப் போகும்போது நான் அங்கே போவேன். போன கிழமையும் போனேன். நானா கல்லாவில் இருந்தார். அவள் உள்ளே மாவை உருட்டித் தட்டிக்கொண்டிருந்தாள். கை தன் பாட்டில் வேலை செய்தது. ஒவ்வொரு ரொட்டியும் வட்டமாக விழுந்தது. கண் மட்டும் அங்கே இல்லை. சுவரைத் தாண்டி, கடையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. உதட்டோரம் இலேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

அவள் என்னதான் நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அவ்வளவு நடந்த பிறகும் போகவில்லை, பாருங்கள். நான் பார்ப்பதை உணர்ந்து அவள் நிமிர்ந்தாள்.

"என்னாங்க மிஸ்?"

கேள்வி வாய்வரை வந்துவிட்டது.

"இன்னொரு ரொட்டி தாம்மா" என்றேன்.